இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் ஒருத்தி

இப்போதுள்ள ஆட்களுக்கு அடுத்தவன் வீட்டுக்குள் நுழைய ஒரு கூச்சமும் கிடையாது என்பது பொன்னப்பனின் கட்சி. முன்பு ஒருவன் வந்தால் முற்றத்தில் நின்று இருமுவான். உள்ளே இருக்கிறவர்கள் சண்டையை நிறுத்தி, சட்டையைத் தேடிப் போட்டு, “ஆரது?” என்று கேட்கிற வரைக்கும் நிற்பான். இப்போது இருமல் கிடையாது. நேராகச் சட்டைப் பைக்குள் வந்து விழுகிறான்கள். நிலம் விற்கிறவன் வருகிறான், முட்டுவலி எண்ணெய்க்காரன் வருகிறான், வழுக்கையில் முடி முளைக்க வைக்கிறேன் என்று ஒருவன் வருகிறான். அத்தனை பேருக்கும் போன் ஒரு வாசல். வாசலுக்குக் கதவு வைக்க எவனுக்கும் தோன்றவில்லை.

இவர்களோடு போன மாசத்திலிருந்து ஒரு பெண்ணும் வர ஆரம்பித்திருந்தாள்.

தலைமுடி நனைந்திருக்கும். தோளுக்குக் கீழே ஒரு முழுச் சேலை வேண்டிய இடத்தில் கைக்குட்டை அளவுக்குத் துணி இருக்கும். பக்கத்தில் மலையாளத்தில் எழுத்து. பொன்னப்பன் மூன்றாம் வகுப்போடு நின்றவர், ஒவ்வொரு எழுத்தாகத்தான் தூக்கி வைப்பார். தூக்கி வைத்து முடித்தபோது கிடைத்தது இது: ‘பாறசாலையில் சோனா தனியாக இருக்கிறாள். உங்களிடமிருந்து இரண்டு கிலோமீட்டர். பேசலாமா?’

பொன்னப்பன் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. ரேஷன் கடைத் தராசை நம்ப மாட்டார். டாக்டர் நாடி பார்த்தால், பிறகு வீட்டுக்கு வந்து தானும் ஒருமுறை பார்த்துக்கொள்வார். தினமும் ஒரு லாட்டரிச் சீட்டு எடுப்பார், ஆனால் பலனை லாட்டரி விற்கிறவன் வாயால் கேட்க மாட்டார். அடித்த சீட்டை அடிக்கவில்லை என்று சொல்லி அவன் சுருட்டிவிட்டால்? அதற்காகத்தான் மகளை நச்சரித்து இந்தப் போனையே வாங்கினார். மத்தியானம் மூன்று மணிக்குப் பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எண்களைத் தானே பார்த்து, அடிக்கவில்லை என்பதைத் தானே உறுதிசெய்துகொண்டால்தான் அவருக்குத் திருப்தி.

அப்படிப்பட்ட மனுசன் இந்தப் பெண்ணை மட்டும் நம்பினார். ஊர்ப் பெயர் சரியாக இருக்கிறதே! தூரம்கூடச் சொல்கிறாளே! பொய் சொல்கிறவள் கிலோமீட்டர் கணக்கு எதற்குச் சொல்லப்போகிறாள்? வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்த சந்தேகமெல்லாம் அந்த ஒரு கணக்குக்கு முன்னால் கால் மடக்கி உட்கார்ந்துவிட்டது.

நம்பியதோடு விட்டாரா, அதுவும் இல்லை. அவள் வந்தவுடன் போனைத் தொடைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, கூரையைப் பார்த்து வெற்றிலை மெல்லுவார். ஒன்றும் செய்யாத மனுசன் கூரையைப் பார்ப்பானேன்? அம்மிணி இதைக் கண்டுபிடித்த பிறகு நாலு நாள் பொறுத்தாள். ஐந்தாம் நாள் தங்கச்சியைக் கூப்பிட வேண்டும் என்று போனை எடுத்தாள். எடுத்த கையில் சோனா வந்து நின்றாள்.

“இது ஆரு?”

“எனக்கு எப்பிடித் தெரியும்?”

“உங்களுக்க போனுல, உங்களுக்குத் தெரியாம ஒருத்தி வந்து குளிச்சிட்டு நிப்பாளா?”

“சவம், அதுவாட்டு வருதுட்டீ.”

“எனக்க தங்கச்சிக்க போனுல சாமி படம் வருது, சேலை வருது, பாத்திரம் வருது. அவங்கவங்க பாக்கியதத்தான் போன் காட்டுமாம். ஊரு முழுக்கச் சொல்லுதாங்க. நீங்க எதப் பாத்திய?”

“நான் லாட்டரியாக்கும் பாத்தது!”

“ஓ. இவதான் முதல் பரிசா?”

அதோடு அம்மிணி அடுக்களைக்குள் போனாள். அவள் கத்தினால் பொன்னப்பனுக்குப் பதில் உண்டு. பேசாவிட்டால் பதில் இல்லை. சோற்றைப் பக்கத்தில் வைத்துவிட்டு, மீன் குழம்பை எட்டாத தூரத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

இந்த இடத்தில் புத்தியுள்ள எவனும் போனைத் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டியிருப்பான். பொன்னப்பன் வேறு வழி யோசித்தார். பெண் இருப்பது உண்மை, இரண்டு கிலோமீட்டர் என்பதும் உண்மை. போய் நேரில் கண்டு, ‘உனக்க படத்த எனக்க போனுக்கு இனி அனுப்பப்படாது, எனக்க வீட்டுல குழம்பு கிட்டல்ல’ என்று சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது.

வாழைக்குலை வியாபாரம் செய்த காலத்தில் கால் போகாத வழி இல்லை. வீட்டிலிருந்து கிழக்கே அவ்வளவு தூரம் போனால் ரெயில்வே லைன். அங்கே யாரும் குளித்துவிட்டு நிற்க முடியாது. வடக்கே ரப்பர் தோட்டம். மேற்கே வயலும் குளமும். தெற்கே மட்டும்தான் வீடு உண்டு. சுகிர்தபாயின் வீடு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சோறு பொங்கி ஓய்வு பெற்றவள், புருஷன் இல்லை. அவளுக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். ஆனால் வீட்டில் வாடகைக்கு யாராவது வந்திருக்கலாம் அல்லவா?

பொன்னப்பன் பெட்டியிலிருந்து அயர்ன் பண்ணிய வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். மீசையில் கொஞ்சம் எண்ணெய். அம்மிணி முற்றத்துக் கொடியிலிருந்து காய்ந்த துணியை எடுத்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்தாள்.

சுகிர்தபாய் கோழிகளுக்குத் தவிடு குழைத்துக்கொண்டிருந்தாள்.

“வாங்க பொன்னப்பண்ணே! என்ன, கல்யாணத்துக்கு வல்லதும் விளிக்க வந்தியளா? சட்டையெல்லாம் மின்னுதே!”

“உனக்க வீட்டுல வயசுப் பெண்ணு ஆராவது வாடகைக்கு உண்டா?”

“இல்லியே. எதுக்கு?”

“சோனாண்ணு பேரு. உண்மையச் சொல்லணும்.”

“ஆளு எப்பிடி இருப்பா?”

படத்தைக் காட்டலாம் என்று பொன்னப்பன் போனை எடுத்தார். வேண்டாத நேரமெல்லாம் வந்து நிற்கிறவள் வேண்டிய நேரத்தில் வரவில்லை. தடவினார், தட்டினார், குலுக்கினார். வழுக்கைக்காரன்தான் வந்தான். வேறு வழியில்லாமல் வாயால் சொல்லத் தொடங்கினார்.

“முடி நனஞ்சிருக்கும். இந்தத் தோளு இருக்கில்லியா, இதுக்குக் கீழ...” அடையாளம் காட்ட உயர்ந்த கை பாதி வழியில் தன்னைத்தானே பார்த்துக்கொண்டு சட்டைப் பைக்குள் போய் ஒளிந்தது. “அதுக்குக் கீழ ஒண்ணும் இல்ல.”

சுகிர்தபாய் தவிட்டுக் கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் தோள் குலுங்கியது, பிறகு சத்தம் வந்தது. கோழிகள் ஓடின.

“அண்ணே, இந்த வீட்டுல நானும் எனக்க கோழியளும்தான் உண்டு. குளிச்சிட்டு நிக்கியது கோழியள் இல்ல. அப்ப நானாக்கும்! கர்த்தாவே, இந்த வயசுல எனக்கு இப்பிடி ஒரு பேரா! நல்லாயிரும் அண்ணே, நல்லாயிரும்.”

பொன்னப்பன் நேர்வழியில்தான் திரும்பினார். ஆனாலும் சேதி அவருக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. சுகிர்தபாயின் கையிலும் பக்கத்து வீட்டுக்காரியின் கையிலும் போன் உண்டு என்பதை அவர் யோசிக்கவில்லை.

மறுநாள் காலையில் அம்மிணி பையில் சேலை அடுக்கினாள். பாலராமபுரத்தில் கட்டிக் கொடுத்த மகள் குமாரியின் வீட்டுக்குப் போகிறாளாம். எப்போது வருவாள் என்று கேட்டதற்கு இன்னொரு சேலையை எடுத்து வைத்தாள். பொன்னப்பனின் போனையும் எடுத்துப் பையில் போட்டாள்.

“அது எதுக்கு?”

“குமாரிக்கும் மாப்பிளைக்கும் முன்னால வெச்சிக் காட்டணும். அப்பன் இந்த வயசுல வீடு வீடாப் போயி ஆளு தேடுத காரியத்த அவங்களும் அறியட்டு.”

பொன்னப்பன் பைக்கு நேரே கை நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டார். மாப்பிள்ளை ஒரு வார்த்தை கூடுதல் பேசாதவன். ‘மாமா’ என்று சொல்லும்போதே எழுந்து நிற்பான். அவன் முன்னால் இந்தப் போனை வைத்துவிட்டால், இனி ஓணத்துக்கு அந்த வீட்டில் இலை முன்னால் எப்படி உட்காருவது? அதைவிட, அம்மிணி வராமல் இருந்துவிட்டால்? அவருக்கு அரிசி எந்தப் பானையில் இருக்கிறது என்பதே தெரியாது. ‘போகாதே’ என்று சொல்லத்தான் நினைத்தார். வாய்க்கு வந்தபோது வேறாகிவிட்டது.

“நீ போனா இங்க சோறு ஆரு வைப்பா?”

“சோனா வைப்பா. ரெண்டு கிலோமீட்டர்தானே.”

பாறசாலையில் அவள் பஸ் ஏறினாள். பொன்னப்பனும் ஏறினார். அவள் முன்பக்கம் பெண்கள் இருக்கையில் உட்கார்ந்தாள். அவருக்குக் கடைசிக்கு முந்தின வரிசையில் இடம் கிடைத்தது. நடுவில் ஒரு வண்டி ஜனம். உதியன்குளங்கரை வரைக்கும் அம்மிணியின் பின்கொண்டையைப் பார்த்துக்கொண்டே வந்தார். அது ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அமரவிளையில் ஆள் ஏறியதும் கொண்டையும் மறைந்துவிட்டது.

நெய்யாற்றின்கரையில் வண்டி நின்றபோது முன்னாலிருந்து ஒரு சத்தம்.

“இஞ்ச பாருங்க! இங்கயும் ஆளு வெச்சிருக்கியளா?”

அம்மிணி போனைக் கண்ணுக்கு நேரே பிடித்து, எல்லோருக்கும் கேட்க, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். “நெய்யாற்றின்கரையில் சோனா தனியாக இருக்கிறாள். ரெண்டு கிலோமீட்டர்!”

பொன்னப்பன் எழுந்துவிட்டார். “அதே பெண்ணா?”

“அதே பெண்ணு!”

“மூஞ்சிய நல்லாப் பாத்துச் சொல்லுட்டீ!”

“மூஞ்சியவா அவ காட்டுதா?”

கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிறதை நிறுத்திவிட்டான். பொன்னப்பனின் தலைக்குள் ஒரு வெளிச்சம் வந்தது. ஆட்களை விலக்கிக்கொண்டு நடுவழி வரை வந்தார்.

“எட்டீ, ரோசிச்சிப் பாரு. நேத்து பாறசாலையில இருந்தவ இண்ணைக்கு நமக்கு முன்னால நெய்யாற்றின்கரைக்கு எப்பிடி வந்தா?”

“முந்தின வண்டிக்கு வந்திருப்பா.”

“அப்ப அவ உனக்க கூடயாக்கும் வாறது! போனு உனக்க கையிலதானே இருக்கு?”

இது நியாயமான கேள்வி. அம்மிணி போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். பொன்னப்பன் துணைக்காகச் சுற்றிப் பார்த்தார். வண்டியில் இருபது ஆண்களாவது இருப்பார்கள். ஒருவனும் நிமிரவில்லை. இவ்வளவு நேரமும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவன்களெல்லாம் ஒவ்வொருவனாகப் போனைப் பைக்குள் போட்டுவிட்டு ஜன்னல் வழியே நெய்யாற்றின்கரையைப் புதிதாகப் பார்க்கிறான்கள். அந்தக் கழுத்துகளைப் பார்த்தபோது பொன்னப்பனுக்கு ஒன்று புரிந்தது: சோனாவுக்கு இந்த வண்டியில் வேறு வீடுகளும் உண்டு.

பேசியது ஒரு பெண். அம்மிணியின் பக்கத்து இருக்கை. காரக்கோணம் ஆஸ்பத்திரியில் லேபில் வேலை, ராத்திரி டியூட்டி முடிந்து பாலராமபுரத்துக்குத் திரும்புகிறாள்; பெயர் ரேஷ்மி என்று பிறகு சொன்னாள். தூக்கக் கண்ணைக் கசக்கிக்கொண்டு, பேத்தி மாதிரி உரிமையோடு அவள் சொன்னாள், “அம்மூம்மா, இந்த சோனா எனக்கும் வந்தா.”

“உனக்கா? நீ பெண்ணாக்குமே, மக்களே!”

“அவளுக்கு ஆணு பெண்ணு ஒண்ணும் இல்ல. எனக்க அம்மைக்கும் வந்தா. அம்மை அவளிட்ட ‘குளிரும் மக்களே, துணி உடு’ண்ணு சொன்னா.”

யாரோ சிரித்தார்கள். அம்மிணி சிரிக்கவில்லை, ஆனால் போனை ரேஷ்மியிடம் கொடுத்தாள். ரேஷ்மி அதில் எதையோ திறந்தாள், அதற்குள் இன்னொன்றைத் திறந்தாள், கீழே கீழே தள்ளிக்கொண்டே போனாள். அவளுடைய புருவம் ஏறிக்கொண்டே வந்தது.

“இது ஆருக்க போன்?”

“எனக்க,” என்றார் பொன்னப்பன். பெண்கள் இருக்கைக்கு நடுவில் வந்து நின்றிருந்தார். யாரும் விரட்டவில்லை. எல்லோருக்கும் முடிவு தெரிய வேண்டியிருந்தது.

“அப்பூப்பா, நீங்க லாட்டரி பலன் பாக்குத சைட்டு ஏதோ போலி. உள்ள போனதும் ‘உங்களுக்கு அறிவிப்பு அனுப்பட்டா’ண்ணு ஒரு கேள்வி வந்திருக்கும். நீங்க அனுமதிண்ணு அமுக்கியிருக்கிய. அதுதான் இவளுக்க வழி.”

“கேட்டுதா? கேட்டிருக்கும்.”

“அது ஒண்ணு மட்டும் இல்ல. தேங்காய் விலை சொல்லுதவனுக்கும் அனுமதி. முட்டுவலி எண்ணெய்க்கு அனுமதி. முடி முளைக்கியதுக்கு அனுமதி. நீங்க நிக்கிய இடம் எதுண்ணு பாக்கவும் அனுமதி குடுத்திருக்கிய, அதனாலதான் நீங்க போற ஊரெல்லாம் அவளுக்க ஊராவுது. ஒருத்தனுக்காவது வேண்டாம்ணு சொன்னியளா?”

பொன்னப்பன் யோசித்தார். இல்லை. ஒருத்தனுக்கும் சொல்லவில்லை. ஏன் என்று நினைத்துப் பார்த்தபோது அவருக்கே முகம் சுருங்கியது. வியாபாரக் காலத்தில் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து குலை ஏற்றிக்கொண்டு வருவார். கேரள எல்லைச் செக்போஸ்டில் ஒருவர் காகிதம் செருகிய சதுரப் பலகையோடு வந்து நிற்பார். அவர் என்ன கேட்டாலும், காது கேட்காவிட்டாலும், ‘ஆமா சாரே’ என்று தலையாட்டிவிட வேண்டும். ‘இல்லை’ என்றால் ஏன் இல்லை என்று கேட்பார், லோடு இறக்கச் சொல்வார், வரிசையில் நிற்கும்போதே குலை பழுத்துவிடும். முப்பது வருஷம் ஆட்டிய தலை. போனில் அதே மாதிரி ஒரு சதுரம் வந்து, அதே மாதிரி அதிகாரமாகக் கேட்டபோது, விரல் தானாகச் சொல்லிவிட்டது, ஆமா சாரே.

இதை அவர் ரேஷ்மியிடம் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், வண்டி முழுக்கக் கேட்டது.

“ரேஷன் கடைக்காரனுக்க தராசப் பிடிச்சித் தூக்கிப் பாக்குத மனுசன்,” என்றாள் அம்மிணி அக்கம்பக்கத்துப் பெண்களிடம். “ஒரு சதுரம் கேட்டா தலையாட்டியிருக்காரு. நான் ஒரு கம்மல் கேட்டா மட்டும் ஆட்டத் தெரியாது.”

“இனி அம்மூம்மாவும் போனு வழியாக் கேக்கணும்,” என்றாள் ரேஷ்மி. பிறகு பொன்னப்பனுக்குப் பார்க்கும்படி போனைச் சாய்த்துப் பிடித்தாள். “இந்தா பாருங்க. நீலமா இருக்குதது எல்லாம் நீங்க திறந்து விட்ட வாசல். இப்பிடித் தொட்டா வெளுத்துப் போவும். அவ்வளவுதான். லாட்டரி பாக்க நல்ல இடம் ஒண்ணு வெச்சுத் தாறேன். இனி எது கேட்டாலும் வேண்டாம்ணு அமுக்கணும்.”

ஒன்று வெளுத்தது. இரண்டு வெளுத்தது. வழுக்கைக்காரன் வெளுத்தான். லாட்டரியும் வெளுத்தது.

“போயாச்சா?”

“போயாச்சு.”

“ஒரு சத்தமும் கேக்கலியே.”

“சத்தம் கேக்காது அப்பூப்பா.”

வண்டி பாலராமபுரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. கண்டக்டர் மறுபடியும் டிக்கெட் கிழிக்கத் தொடங்கினான். பொன்னப்பன் நெஞ்சு நிமிர்த்தினார். “கேட்டியா? எனக்க பேருல ஒரு குத்தமும் இல்ல. இனி குமாரியிட்ட ஒண்ணும் பறைய வேண்டாம்.”

அம்மிணி பையை மடியில் அணைத்துக்கொண்டாள். “செரி. போனுக்க காரியம் முடிஞ்சுது. எனக்கு அந்த சோனாவப் பத்தி ஒண்ணும் இல்ல. ஒரு காரியம் மட்டும் சொல்லுங்க. அவளச் சத்தம் போடத்தானே போனிய? அதுக்கு எதுக்கு அயர்ன் பண்ணின சட்டை?”

டிக்கெட் கிழிக்கும் சத்தம் மறுபடியும் நின்றது.

“மத்தது நனஞ்சி இருந்துது.”

“கொடியில காஞ்சி வெறைச்சிக் கெடந்துது. நானாக்கும் எடுத்து மடிச்சது.”

“வெயிலுக்கு வெள்ளை நல்லது.”

“மீசைக்கு எண்ணெயும் வெயிலுக்கா?”

பொன்னப்பன் மேலே கம்பியைப் பிடித்தார். இதுவரைக்கும் தன் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று அவரே நம்பிக்கொண்டிருந்தார். இந்தக் கேள்வியை யாரும் கேட்காததால் அவரும் தன்னைக் கேட்டிருக்கவில்லை. இப்போது கேட்டபோது பதில் தயாராகத்தான் உள்ளே கிடந்தது, எடுத்துப் பார்க்கத்தான் வெட்கமாக இருந்தது. சொல்லாவிட்டால் அவள் இறங்கி நேரே குமாரியிடம் போவாள். சொன்னால் இந்த வண்டிக்குத் தெரியும். இந்த வண்டிக்கு இனி தெரியாதது என்ன இருக்கிறது?

“ஒருவேளை ஆளு அங்க உண்டுண்ணா...” என்றார். “கெழவன் ஒருத்தன் வந்தாண்ணு அவ நினைக்கப்படாதுண்ணு தோணிச்சி. அவ்வளவுதான். சத்தம் போட்டிருப்பேன். சத்தியமாட்டு போட்டிருப்பேன். ஆனா கெழவனாட்டுப் போட மனசில்ல.”

அம்மிணி அவரையே பார்த்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்து அழுத்தினாள். அழுகை என்றுதான் பொன்னப்பன் பயந்தார். அல்ல. முந்தானைக்குள்ளிருந்து நேற்று சுகிர்தபாயிடம் கேட்ட அதே சத்தம் வந்தது.

“சுகிர்தபாய் என்ன நினைச்சாளாம்?” என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு.

“அவ நினைக்கல்ல. விழுந்து சிரிச்சா.”

பாலராமபுரத்தில் மூன்று பேரும் இறங்கினார்கள். அம்மிணி சேலையை உதறிச் சரிசெய்துகொண்டு ஏற்பாடு சொன்னாள்: குமாரியின் வீட்டில் மத்தியானச் சோறு. எதற்கு வந்தீர்கள் என்றால் முட்டுவலி. சாயங்காலம் திரும்ப வேண்டும், குழம்பு வைக்க மீன் வழியில் வாங்கிக்கொள்ளலாம். பொன்னப்பன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டுகிறோம் என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

ரேஷ்மி போனை நீட்டினாள். “இனி வரமாட்டா அப்பூப்பா. தைரியமா வெச்சுக்கங்க.”

பொன்னப்பன் வாங்கவில்லை. குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். மணி தெரிந்தது, கிழமை தெரிந்தது. பெண்ணைக் காணவில்லை. திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

“மக்களே, நீ படிச்ச பெண்ணு. கேக்கியேன்னு நினைக்காத. ஒரு மாசமாட்டு நாளுக்கு நாலு தடவ வந்தவ. ஒரு விரலு தொட்டதுக்கா போவா?”

“போவா.”

“கோவிச்சிட்டுப் போனவ வாசலுல நின்னு நாலு வார்த்த சொல்லாம போவாளா? அம்மிணியக் கேட்டுப் பாரு.”

“அவ ஆளே இல்ல அப்பூப்பா. வெறும் படமாக்கும்.”

“படம்ணு நீ சொல்லுத. அவளாட்டு சொல்லலியே.”

ரேஷ்மி அம்மிணியைப் பார்த்தாள். அம்மிணி போனைப் பறித்துத் தன் பையில், சேலைக்கு அடியில் திணித்து, “நீ போயி உறங்கு மக்களே, இவருக்கு இது தீராது” என்றாள்.

பொன்னப்பனுக்குத் தீரவில்லைதான். வெளுத்துப்போன வாசலை யாராவது திருப்பி நீலமாக்க எவ்வளவு நேரம் ஆகும்? சத்தம் போடாமல் இருக்கிறவளைத்தான் கூடுதல் கவனிக்க வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அம்மிணிக்கும் அந்தப் பைக்கும் நாலு அடி முன்னால், பத்தடிக்கு ஒருதரம் பையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு, மகள் வீட்டு வழியில் நடந்தார்.